நூல்களைக் கழிப்பதும் கல்விப் பணியே

நூலகத்தில் நூல்களைச் சேர்ப்பதன் பெருமையைப் பலரும் பேச நீங்கள் கேட்டிருப்பீர்கள். சேர்த்தவற்றுள் சிலவற்றைக் கழிக்கவும் வேண்டும் என்று ஒருவர் கூறினால் அது செவிக்கு இனிதாக இராது. கால் பட்ட புத்தகத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்ளும் மரபில் வந்தவர்கள் நாம். ஆயினும், கல்லூரி நூலகம் தன் கடமையைச் செவ்வனே ஆற்ற வேண்டுமாயின் கழித்தல் இன்றியமையாதது. அஃது ஏன், அதனை எவ்வாறு செய்வது என்னும் இரண்டையும் இன்று மாணவ மணிகளாகிய உங்களுடன் ஆராய விரும்புகிறேன்.

சீர்காழியைச் சொந்த ஊராகக் கொண்ட எஸ். ஆர். அரங்கநாதன், 1924இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் நூலகராகப் பொறுப்பேற்றார். 1931இல் அவர் நூலகத்துக்குரிய ஐந்து விதிகளை வெளியிட்டார். நூலகத்தை வளரும் உயிருக்கு ஒப்பிடுவது அவற்றுள் ஐந்தாவது. உயிருள்ள உடல் புதியதை ஏற்கும், பழையதைக் கழிக்கும். ஏற்பதை மட்டும் செய்து கழிப்பதை நிறுத்திய உடல் நோயுறும் அன்றோ? நூலகமும் அவ்வாறே.

பழைய நூலால் விளையும் தீங்கு யாது? 1950இல் அச்சான நிலநூலில் புதுச்சேரி பிரெஞ்சு ஆட்சிப் பகுதியாகவே இருக்கும். 1954 நவம்பர் 1இல் ஆட்சி கைமாறியதையும், 1962 ஆகஸ்டு 16இல் அது சட்டப்படி முழுமை பெற்றதையும் அந்நூல் அறியாது. 2006க்கு முந்தைய வானநூல் கோள்கள் ஒன்பது என்று கூறும். இவற்றால் தேர்வில் சில மதிப்பெண்கள் குறையலாம். ஆனால் உழவு நூலின் நிலை வேறு. டி.டி.டி.யை வேளாண்மையில் பயன்படுத்துவது நம் நாட்டில் 1989இல் தடை செய்யப்பட்டது. எண்டோசல்பானை 2011இல் உச்ச நீதிமன்றம் தடுத்தது. பழைய நூல்களோ இவற்றைப் பயிர் காக்கும் மருந்துகள் எனப் பரிந்துரைக்கும். எங்கள் மடுகரை போன்ற உழவர் ஊரிலிருந்து வரும் மாணவன் அதனைப் படித்துத் தந்தையாரிடம் கூறினால், பிழை விடைத்தாளோடு நில்லாது. வயலுக்கும் கிணற்றுக்கும் சென்று சேரும்.

இத்தனை தெரிந்தும் நூலகர்கள் தயங்குவது ஏன்? நூல்கள் இருப்புப் பதிவேட்டில் எண்ணிட்டு எழுதப்பட்ட அரசுடைமை. இருபதாயிரம் நூல்களுக்கு மிகாத நூலகத்தில் ஆண்டுதோறும் இருப்பைச் சரிபார்க்க வேண்டும் என்பது மத்திய அரசின் நிதி விதி. நான் தலைமையாசிரியனாக இருந்தபோது, அப்பதிவேட்டில் கையொப்பமிடும் ஒவ்வொரு முறையும், நூலின் பயனைவிட அதன் எண்ணிக்கையே பெரிதாகிவிடுவதைக் கண்டிருக்கிறேன். ஆகவே கழித்தல் தனியொருவர் பொறுப்பாக இருத்தல் கூடாது. அவ்வத்துறை ஆசிரியர்கள் அடங்கிய குழு ஆராய்ந்து, எழுத்தில் ஒப்புதல் அளிக்க வேண்டும்.

மேலைநாட்டு நூலகர்கள் இப்பணியைக் களையெடுத்தல் என்றே அழைக்கின்றனர். பொருத்தமான பெயர்தான், ஆனால் ஒரு வேறுபாடு உண்டு. களை, முளைக்கும்போதே களை. நூலோ ஒரு காலத்தில் பயிராக இருந்து பயன் தந்தது. ஆதலின், ஓரிடத்துக்கு வேண்டாத நூல் எவ்விடத்துக்கும் வேண்டாதது என்று முடிவு செய்தல் தவறு.

இதற்குச் சென்னையிலேயே சான்று உண்டு. கிழக்கிந்தியக் கம்பெனி தன் அலுவலரைப் பயிற்றுவிக்க இங்கிலாந்தில் ஹெய்லிபரி என்னும் இடத்தில் கல்லூரி நடத்தி வந்தது. 1858இல் அது மூடப்பட்டது. அதன் நூலகத்தில் மிகுந்திருந்த நூல்கள் சென்னை அரசுக்கு அனுப்பப்பட்டு, அருங்காட்சியகத்தில் ஒரு சிறு நூலகமாயின. அந்த வித்தே வளர்ந்து, 1896இல் கன்னிமாரா பொது நூலகமாகத் திறக்கப்பட்டது. 1954ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, இந்தியாவில் வெளியாகும் ஒவ்வொரு நூலிலும் ஒரு படி பெறும் நான்கு நூலகங்களுள் அதுவும் ஒன்று. ஓரிடத்தில் மிகையானது பிறிதோரிடத்தில் முதலாயிற்று.

எனவே நூலகங்களை இருவகையாகக் கொள்க. கன்னிமாரா போன்றவை காக்கும் நூலகங்கள். பிழைபட்ட நூலும் அங்கே வரலாற்றுச் சான்றாகும். கல்லூரி நூலகம் கற்பிக்கும் நூலகம்; அங்கே பிழைபட்ட நூல் மாணவனுக்குத் தவறான வழிகாட்டி. கழிக்குமுன் கேட்க வேண்டிய வினாக்கள் மூன்று. இதன் செய்தி இன்றும் மெய்யா? இதனினும் திருந்திய பதிப்பு வந்துள்ளதா? இதன் வேறு படி எங்கேனும் காப்பாக உள்ளதா? மூன்றாவது வினாவுக்கு 'இல்லை' என்பது விடையானால், நூலைக் காக்கும் நூலகத்துக்கு அனுப்புக, எடைக்குப் போடற்க. செட்டிநாட்டுக் கோட்டையூரில் ரோஜா முத்தையா என்பார் நூல்களோடு நாடக விளம்பரங்களையும் திருமண அழைப்பிதழ்களையும்கூடத் திரட்டி வைத்தார். 1992இல் அவர் மறைந்தபின், அத்திரட்டே சென்னையில் ஓர் ஆராய்ச்சி நூலகமாயிற்று. ஊர் வரலாறு, ஆண்டு மலர், சிறு வெளியீடு ஆகியவற்றில் கை வைக்குமுன் இதனை நினைத்தல் நன்று.

மாணவர்களே, இதில் உங்களுக்கும் பங்குண்டு. எந்த நூலை எடுத்தாலும் முதலில் அது அச்சான ஆண்டைப் பாருங்கள். அறிவியல், சட்டம், மருத்துவம், உழவு ஆகிய துறைகளில் அவ்வாண்டே நூலின் தகுதியைப் பாதி சொல்லிவிடும். இலக்கியத்துக்கு அவ்வளவுகோல் பொருந்தாது. காலத்தால் முதிர்ந்த இலக்கியம் சுவை குன்றுவதில்லை. பிழைபட்ட செய்தியைக் கண்டால் நூலில் கிறுக்காமல் நூலகரிடம் சொல்லுங்கள். அலமாரியில் இருப்பதெல்லாம் உண்மை என்று நம்பாமல் ஆராய்ந்து கொள்வதே கல்வியின் முதற்பயன்.