வேகம் இலவசம், குளிர்ச்சிக்கு விலை உண்டு
பழைய பிராசஸரை எல்லை தாண்டி ஓட்டுவது சுலபம். இந்தியக் கோடையில் அதைக் காப்பாற்றுவதுதான் கஷ்டம்.

1998 ஆகஸ்ட் 24. அன்று இன்டெல் நிறுவனம் விற்பனைக்கு விட்ட சிப்களில் ஒன்று 450 மெகாஹெர்ட்ஸ் பென்டியம் 2. மொத்த விற்பனை விலை 669 டாலர். இன்னொன்று 300 மெகாஹெர்ட்ஸ் செலரான் 300ஏ. விலை 149 டாலர். முதலாவது வசதி படைத்தவர்களுக்கு, இரண்டாவது சிக்கனக்காரர்களுக்கு என்பது கம்பெனியின் கணக்கு. அந்தக் கணக்கு சீக்கிரமே தப்பிப்போனது. சிக்கனக்காரர்கள் தங்கள் செலரானையும் 450 மெகாஹெர்ட்ஸில் ஓட்டத் தொடங்கினார்கள். மிச்சம் 520 டாலர். அன்றைய மதிப்பில் ரூ.20,000க்கும் மேல்.

இதில் மந்திரம் எதுவும் இல்லை. பிராசஸரின் வேகம் இரண்டு எண்களின் பெருக்கல். மதர்போர்டு தரும் துடிப்பு ஒன்று. அதைப் பிராசஸர் எத்தனை மடங்காக்குகிறது என்பது மற்றொன்று. 300ஏயில் துடிப்பு 66 மெகாஹெர்ட்ஸ், மடங்கு 4.5. குறைந்த வேகச் சிப்பின் மேல் கூடுதல் வேகத்தை அச்சடித்து விற்கும் மோசடியைத் தடுக்க, மடங்கை இன்டெல் பூட்டி வைத்திருந்தது. துடிப்புக்குப் பூட்டு இல்லை. 440பிஎக்ஸ் சிப்செட் கொண்ட மதர்போர்டுகள் 100 மெகாஹெர்ட்ஸ் துடிப்பைத் தந்தன. நூறை நாலரையால் பெருக்கினால் 450. அபிட் பிஎச்6 போன்ற போர்டுகளில் பயாஸ் திரையிலேயே இதை மாற்ற முடிந்தது. வேறு பல போர்டுகளில் செலரானின் பி21 என்ற தொடுமுனையை ஒரு துண்டு டேப்பால் மறைத்தார்கள். வேலை முடிந்தது.

சிப்பின் மேல் அச்சிடப்படும் வேகம் அதன் உச்சவரம்பு அல்ல, கம்பெனி தரும் உத்தரவாதம். எந்த வீட்டில், எந்த வெயிலில் ஓடினாலும் பிசகக்கூடாது என்று கொஞ்சம் இடைவெளி விட்டுத்தான் அது நிர்ணயிக்கப்படுகிறது. ஓவர்கிளாக்கிங் என்பது அந்த இடைவெளியை எடுத்துச் செலவழிப்பது. செலவு, வெப்பமாக வெளியே வருகிறது.

எவ்வளவு வெப்பம்? வேகம் ஒன்றரை மடங்கானால் வெப்பமும் ஏறத்தாழ ஒன்றரை மடங்கு. வோல்டேஜை உயர்த்தினால் நிலைமை இன்னும் மோசம். அதன் வர்க்கத்தின்படி வெப்பம் ஏறும். 2 வோல்ட்டில் தடுமாறும் ஒரு 300ஏயை 2.2 வோல்ட் கொடுத்து நிமிர்த்தினால், 10 சதவீத வோல்டேஜுக்கு 21 சதவீத வெப்பம். இரண்டும் சேர்ந்து சுமார் 1.8 மடங்கு. அடிப்படையே 20 வாட்டுக்குள் இருந்ததால் அந்தச் செலரான் தப்பித்தது. கொஞ்சம் பெரிய ஹீட் சிங்க்கும் ஃபேனும் போதுமானதாக இருந்தது.

இன்று பழைய கம்ப்யூட்டர் வைத்திருப்பவர்களின் பாடு அப்படியல்ல. 2011 ஜனவரியில் வந்த கோர் ஐ5-2500கேயை எடுத்துக்கொள்ளலாம். இதன் மடங்குக்குப் பூட்டு இல்லை. 3.3 கிகாஹெர்ட்ஸ் சிப்பை 4.5 வரை கொண்டுபோனவர்கள் ஏராளம். ஆனால் இதன் வெப்பக் கணக்கு 95 வாட்டில் தொடங்குகிறது. வேகம் 36 சதவீதம் உயர்ந்து, வோல்டேஜும் 1.2லிருந்து 1.35க்குப் போனால் வெப்பம் ஏறத்தாழ 1.7 மடங்கு. பெட்டியோடு வந்த சின்னக் கூலர் இதற்காகச் செய்யப்பட்டதல்ல.

வெப்பம் வெளியேறும் வழியும் முக்கியம். 2500கேயில் சிப்புக்கும் அதன் உலோக மூடிக்கும் நடுவே சால்டர் இருந்தது. 2012இல் வந்த அடுத்த தலைமுறையான 3570கேயில் அந்த இடத்தில் வெறும் பேஸ்ட். அளவில் சுருங்கிய சிப், சூட்டில் அண்ணனை மிஞ்சியது. பொறுமை இழந்த சிலர் மூடியையே பெயர்த்து, நல்ல பேஸ்ட் தடவி ஒட்டினார்கள்.

இந்தியாவில் இன்னொரு எதிரியும் உண்டு: அறையின் வெப்பம். எவ்வளவு உயர்ந்த ஏர் கூலரும் சிப்பை அறையைவிடக் குளிர்ச்சியாக்க முடியாது. 20 டிகிரி அறையில் 65 டிகிரியில் ஓடும் சிப், 40 டிகிரி அறையில் 85ஐ நெருங்கும். டெல்லியிலோ நாக்பூரிலோ ஜனவரியில் தேறிய செட்டிங், மே மாதத்தில் தோற்றுப்போவது இதனால்தான்.

தோல்வி என்றால் புகை வருவதல்ல. 100 டிகிரியை நெருங்கும்போது இந்தச் சிப்கள் தாமாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். அதிக வோல்டேஜ் சிப்பை மெல்ல மெல்லத்தான் தேய்க்கும். நிஜமான ஆபத்து சத்தமில்லாதது: கணக்கு தப்பி, சேமித்த ஃபைல் கெட்டுப்போவது. கடையின் வரவு செலவோ பிள்ளையின் புராஜெக்டோ இருக்கும் கம்ப்யூட்டர் பரிசோதனைக்கு உரியதல்ல.

துணிபவர்களுக்கு வரிசை முக்கியம். முதலில் தூசியைத் தட்டி, காய்ந்துபோன பேஸ்ட்டைத் துடைத்துப் புதிதாகக் கொஞ்சம் தடவ வேண்டும். கேபினெட்டில் காற்று முன்னால் நுழைந்து பின்னால் வெளியேறும்படி ஃபேன்கள் இருக்க வேண்டும். பிறகு கூலர். கடைசியில்தான் வேகம்; அதுவும் 100 மெகாஹெர்ட்ஸ் வீதம். ஒவ்வொரு படியிலும் பிரைம்95 போன்ற சோதனையைச் சில மணி நேரம் ஓட்டி வெப்பத்தைக் கவனிக்க வேண்டும். 80 டிகிரியோடு நின்றுகொள்வது விவேகம். சோதனைக்கு உகந்த நேரம் அதிகாலை அல்ல, மதியம் இரண்டு மணி.

எல்லோருக்கும் இது பயன்படாது. நேரு பிளேஸிலோ ரிச்சி தெருவிலோ பழைய கம்ப்யூட்டர் வாங்குபவர்கள் பி67 அல்லது இசட்68 சிப்செட்டும், பெயரில் 'கே'யும் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். எச்61 போர்டில் மடங்கை ஏற்ற முடியாது. தவிர, கம்ப்யூட்டர் திறக்கவே நேரம் பிடிக்கிறது என்றால் குற்றவாளி பெரும்பாலும் பிராசஸர் அல்ல, பழைய ஹார்ட் டிஸ்க். அதை எடுத்துவிட்டு எஸ்எஸ்டி போடுவது எந்த ஓவர்கிளாக்கிங்கையும்விட லாபகரமானது.

பிற்காலத்தில் கம்பெனிகளே இந்த வேலையைக் கையில் எடுத்துக்கொண்டன. 2008இல் இன்டெல் கொண்டுவந்த டர்போ பூஸ்ட், வெப்பம் இடம்கொடுக்கும்வரை வேகத்தைத் தானே ஏற்றுகிறது. ஆனாலும் பௌதிக விதி கம்பெனிக்கும் சலுகை தருவதில்லை. 13, 14ஆம் தலைமுறை டெஸ்க்டாப் சிப்கள் சில, அளவுக்கு மீறிய வோல்டேஜால் கெட்டுப்போவதாக 2024இல் இன்டெலே ஒப்புக்கொண்டு, வாரண்டியை இரண்டு ஆண்டுகள் நீட்டித்தது.

வீட்டில் ஓவர்கிளாக் செய்பவருக்கு அந்த வாரண்டியும் கிடையாது. அவருக்கு இருப்பது ஒரு ஃபேன், ஒரு பொட்டு பேஸ்ட், கொஞ்சம் பொறுமை. எத்தனை கிகாஹெர்ட்ஸ் என்பதை அவருடைய பிராசஸர் தீர்மானிப்பதில்லை, மே மாதம்தான் தீர்மானிக்கிறது.