கண்ணுக்குத் தெரியாத புகை

செம்பனை எண்ணெய் ஆலையைக் கடந்து பேருந்தில் போயிருக்கிறீர்களா? நாரையும் ஓட்டையும் எரிக்கும் அதன் கொதிகலனிலிருந்து எழும் புகை தூரத்திலிருந்தே தெரியும். எரிப்பு சரியில்லை என்றால் புகை கறுத்துவிடும். அதைச் சொல்லக் கருவி தேவையில்லை, கண் போதும்.

இப்போது மருத்துவமனைத் துணிகளை வெளுக்கும் பெரிய சலவை ஆலை ஒன்றை நினைத்துக்கொள்ளுங்கள். அதன் கொதிகலன் இயற்கை எரிவாயுவில் ஓடுகிறது. புகைபோக்கிக்கு மேலே ஒன்றும் தெரியாது. சில வேளை வெள்ளையாக ஏதோ எழும்பினாலும் அது நீராவி குளிர்ந்து உண்டான துளிகள்தான். ‘எவ்வளவு சுத்தமாக எரிகிறது!’ என்று தோன்றும். அங்கேதான் நாம் ஏமாறுகிறோம்.

இயற்கை எரிவாயுவின் பெரும்பகுதி மீத்தேன். அதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. எரிந்து கரிவளியாகப் போனாலும் சரி, எரியாமல் அப்படியே போனாலும் சரி, கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான். எரிவாயு கசிந்தால் நாறுமே என்பீர்கள். அந்த வாடை, கசிவை நாம் கவனிப்பதற்காகவே சேர்க்கப்படுவது. உயரமான புகைபோக்கி வழியாகக் காற்றில் கலந்த பிறகு அது யார் மூக்குக்கும் எட்டாது.

அடுப்புக்குள் நெருப்பு இருக்கும்போது எரிவாயு ஏன் எரியாமல் தப்புகிறது? ஒரு மீத்தேன் மூலக்கூறு முழுமையாக எரிய இரண்டு உயிர்வளி மூலக்கூறுகள் வேண்டும். காற்றில் உயிர்வளி சுமார் 21 விழுக்காடுதான். ஆகவே ஒரு கன மீட்டர் மீத்தேனுக்கு ஏறக்குறைய 9.5 கன மீட்டர் காற்று தேவை. காற்று குறைந்தால் பாதி எரிந்த கார்பன் மோனாக்சைடு உண்டாகும். கொஞ்சம் மீத்தேனும் மிஞ்சும். அதற்காகக் காற்றை அள்ளிக் கொடுத்தாலும் ஆபத்துதான். சுடரின் ஓரங்கள் குளிர்ந்துபோய், எரிவாயு எரிவதற்குள் அடித்துச் செல்லப்படும். கூடுதல் காற்றைச் சூடாக்கிய வெப்பமும் வானத்துக்குப் போய்விடும்.

இதைச் சரிபார்க்க வரும் தொழில்நுட்பர், புகைபோக்கியில் உள்ள சிறு துளை வழியாக ஓர் உறிஞ்சு குழாயைச் செருகுவார். கையடக்கக் கருவி வாயுவை இழுத்து, உயிர்வளி எவ்வளவு மிஞ்சியது, கார்பன் மோனாக்சைடு எவ்வளவு உண்டானது என்று காட்டும். சுடர் கெடும்போது கார்பன் மோனாக்சைடு ஏறும் என்பதால் அது நல்ல காவல்காரன்தான். ஆனால் அந்தக் காவல்காரனுக்கு மீத்தேனைத் தெரியாது. முழுதாக மூடாத வால்வு வழியாக, சுடரைத் தொடாமலே எரிவாயு நழுவிப் போனால் திரையில் சுழியம்தான் தெரியும்.

மீத்தேனைப் பிடிக்க வேறு வழிகள் உண்டு. ஒன்று அகச்சிவப்புக் கதிர். மீத்தேனில் கார்பனும் ஹைட்ரஜனும் இணைந்திருக்கும் பிணைப்புகள், சுமார் 3.3 மைக்ரோமீட்டர் அலைநீளமுள்ள கதிரை விழுங்கும். மாதிரி வாயு நிரம்பிய குழாயின் ஒரு முனையில் கதிரைச் செலுத்தி, மறுமுனையில் எவ்வளவு குறைந்தது என்று அளந்தால் போதும். நீராவி குழப்பம் செய்யும் என்பதால் அதற்குத் தனிக் கவனம் வேண்டும்.

எனக்குப் பிடித்தது இரண்டாவது வழி. எரியாமல் வந்ததைக் கண்டுபிடிக்க, அதை எரித்தே பார்க்கிறார்கள்! கருவிக்குள் சின்னஞ்சிறு ஹைட்ரஜன் சுடர் ஒன்று எரியும். தூய ஹைட்ரஜன் சுடரில் அயனிகள் மிகக் குறைவு. அதில் மீத்தேன் நுழைந்தால் அயனிகள் பெருகும். மின்முனைகளுக்கு இடையே மிகச் சிறிய மின்னோட்டம் பாயும். கரிவளியும் கார்பன் மோனாக்சைடும் அந்தச் சுடரில் சத்தமில்லாமல் கடந்துவிடும்.

எண் கிடைத்ததும் வேலை முடியவில்லை. 10 லட்சம் பங்கில் எத்தனை பங்கு என்பதைத்தான் பிபிஎம் சொல்கிறது. கூடுதல் காற்றைக் கலந்தால் அந்த எண் தானாகவே இறங்கிவிடும், சிரப்பில் தண்ணீர் ஊற்றினால் இனிப்பு குறைவதைப் போல. இந்த ஏமாற்றைத் தடுக்க, எரிவாயுக் கொதிகலன்களின் அளவைப் பல நாடுகளில் 3 விழுக்காடு உயிர்வளிக்கு மாற்றிச் சொல்கிறார்கள். கணக்கு எளிது: 21-இலிருந்து 3-ஐக் கழித்து, அதை 21-இலிருந்து அளந்த உயிர்வளியைக் கழித்த எண்ணால் வகுத்துப் பெருக்க வேண்டும். ஒருவர் 12 விழுக்காடு உயிர்வளியில் 100 பிபிஎம் அளந்தார் என்றால், 18-ஐ 9-ஆல் வகுக்க 2. உண்மையான எண் 200.

சரி, 1,000 பிபிஎம் மீத்தேன் வந்தால் அது பெரிதா? ஒரு பங்கு எரிவாயு எரிந்தால், 3 விழுக்காடு உயிர்வளியில், ஏறக்குறைய 10 பங்கு உலர்ந்த புகைவாயு உண்டாகும். ஆகவே 1,000 பிபிஎம் என்பது, வாங்கிய எரிவாயுவில் சுமார் 1 விழுக்காடு. முதலாளிக்குக் கட்டணத்தில் 1 விழுக்காடு நட்டம், அவ்வளவுதான். பருவநிலைக்கோ கணக்கே வேறு. 20 ஆண்டு காலத்தில், எடைக்கு எடை பார்த்தால், கரிவளியைப்போல் மீத்தேன் 80 மடங்குக்கு மேல் வெப்பத்தைப் பிடித்து வைக்கிறது. மூலக்கூறுக்கு மூலக்கூறு என்றால் சுமார் 30 மடங்கு. அதாவது, தப்பிய அந்த ஒரு பங்கு, முறையாக எரிந்த 99 பங்கில் 30 பங்கின் வேலையைச் செய்துவிடுகிறது. நல்ல நிலையில் உள்ள கொதிகலனில் இவ்வளவு வராது. நல்ல நிலையில் இருக்கிறதா என்று அளந்தால்தானே தெரியும்?

2021-இல் அறிவிக்கப்பட்ட உலக மீத்தேன் உறுதிமொழியில் மலேசியாவும் சிங்கப்பூரும் சேர்ந்துள்ளன. 2020-இல் இருந்த அளவிலிருந்து, 2030-க்குள் உலக மீத்தேன் வெளியேற்றத்தைக் குறைந்தது 30 விழுக்காடு குறைப்பது அதன் இலக்கு.

எப்போது அளக்கிறோம் என்பதும் முக்கியம். பற்றவைக்கும் முன், வெடிப்பைத் தவிர்க்க, விசிறி உலைக்குள் தங்கிய எரிவாயுவை ஊதி வெளியேற்றும். பிறகு வால்வு திறந்து, பொறி பறந்து, சுடர் நிலைக்கும்வரை சிறிதளவு எரிவாயு நழுவும். தொழில்நுட்பர் வந்து அளப்பதோ கொதிகலன் சீராக ஓடும் நேரத்தில். அதனால் சில இடங்களில் உணரியைப் புகைபோக்கியிலேயே விட்டுவைத்து நாள் முழுவதும் பதிவு செய்கிறார்கள். தரையோடு தரையாக ஓடும் கோடு, கொதிகலன் நின்று மறுபடி பற்றும்போதெல்லாம் ஊசிபோல் எழும்பி இறங்குவதை அந்த வரைபடத்தில் காணலாம்.