பலகைக் கணினியின் அன்றாடப் பயன்பாடுகள்

பலகைக் கணினி என்பது தொடுதிரையையே விசைப்பலகையாகவும் சுட்டியாகவும் கொண்டு இயங்கும், கையில் ஏந்திப் பயன்படுத்தத்தக்க கணினி ஆகும். கைப்பேசியைவிடத் திரை பெரியது. மடிக்கணினியைவிட எடை குறைவு. வரைப்பட்டிகை, கைக்கணினி என்ற பெயர்களும் தமிழில் வழங்குகின்றன. பேச்சில் 'டேப்' என்பதே நிலைத்துவிட்டது. 'டேப்லெட்' என்று சொன்னால் இடையஞ்சாவடிப் பக்கத்துப் பெரியவர்களுக்கு மாத்திரைதான் முதலில் நினைவுக்கு வரும்.

ஆப்பிள் நிறுவனத்தின் ஐபேடு 2010 ஏப்ரல் 3 அன்று விற்பனைக்கு வந்த பிறகே இக்கருவி உலகெங்கும் பரவியது. இந்தியாவில் மாணவர்களுக்கான மலிவு விலைக் கருவியாக 'ஆகாஷ்' 2011 அக்டோபர் 5 அன்று புதுதில்லியில் வெளியிடப்பட்டது. 7 அங்குலத் திரை கொண்ட அதற்கு அரசு கொடுத்த விலை ஏறத்தாழ ரூ.2,250. நோக்கம் நல்லது, ஆனால் முதல் ஆகாஷின் திரை அழுத்தத்தை உணரும் வகையைச் சேர்ந்தது. விரலால் அழுத்தி அழுத்தித்தான் வேலை வாங்க வேண்டும்.

திரையும் உப்பும்

இன்றைய திரைகள் அழுத்தத்தை உணர்வதில்லை. கண்ணாடிக்கு அடியில் ஒளி ஊடுருவும் மெல்லிய மின்கடத்திப் படலம் இருக்கிறது. நம் விரலும் மின்சாரத்தைக் கடத்தும். எனவே விரல் பட்ட இடத்தில் மின்புலம் சற்று மாறுகிறது. அந்த மாற்றத்தைக் கொண்டு கருவி இடத்தைக் கண்டுகொள்கிறது. உப்புநீரும் நன்றாக மின்சாரத்தைக் கடத்தும் என்பதை மாணவர்கள் எட்டாம் வகுப்பு வாக்கிலேயே படித்திருப்பார்கள். மரக்காணம் உப்பளத்தில் பாத்தியில் இறங்கி வேலை செய்தவர் அதே ஈரக்கையோடு திரையைத் தொட்டால் அது தொடாத இடத்தில் திறப்பதும், தொட்ட இடத்தில் அசையாமல் இருப்பதும் இதனால்தான். கையையும் திரையையும் துடைத்துவிட்டால் போதும், கருவியில் பழுது ஏதுமில்லை.

வெண்ணிற உப்புக் குவியல்களின் நடுவே நண்பகலில் திரையில் எதுவும் தெரியாது. எனவே களத்தில் வைத்துப் பார்ப்பதற்கு இது ஏற்ற கருவியன்று.

தமிழில் எழுதுதல்

பலர் ஆங்கில எழுத்தில் தட்டித் தமிழாக மாற்றிக்கொள்கின்றனர். தமிழ்99 விசைப்பலகையைப் பழகுவதே மேல் என்பது என் கருத்து. 1999இல் சென்னையில் நடந்த தமிழ் இணைய மாநாட்டைத் தொடர்ந்து தமிழ்நாடு அரசு ஏற்றுக்கொண்ட முறை இது. உயிரெழுத்துகள் இடப்பக்கமும் மெய்யெழுத்துகள் வலப்பக்கமும் அமைந்திருக்கும். பெரும்பாலான இடங்களில் புள்ளி தானாகவே விழும். 'இடையஞ்சாவடி' என்று எழுத இ, ட, ஐ, ய, ஞ, ச, ஆ, வ, ட, இ எனப் பத்துத் தட்டல்கள். ஞகரத்தை அடுத்துச் சகரம் வருவதால் ஞகரம் கேட்காமலே புள்ளி பெற்றுவிடுகிறது. இன எழுத்து இலக்கணம் தெரிந்த மாணவருக்கு இது விளங்க ஒரு நாள் கூட ஆகாது. முத்து நெடுமாறன் உருவாக்கிய 'செல்லினம்' செயலியில் இவ்வமைப்பு உண்டு. ஐபேடில் தமிழ்99 உள்ளமைந்தே வருகிறது.

வாசிப்பு

நான் இக்கருவியைப் பரிந்துரைக்க முதற்காரணம் வாசிப்பு. மின்னூல்கள் இருவகை. இபப் வகை நூலில் எழுத்தைப் பெரிதாக்கினால் வரிகள் திரைக்கேற்ப மடிந்துகொள்ளும்; அதற்குக் கைப்பேசியே போதும். ஆனால் பழைய நூல்களின் பக்கங்களைப் படம்பிடித்த பிடிஎஃப் கோப்பில் வரி மடியாது. கைப்பேசியில் ஒவ்வொரு வரியையும் இழுத்து இழுத்துப் படிக்க வேண்டியிருக்கும். 10 அங்குலத் திரையிலோ முழுப்பக்கமும் தெரியும். தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்திலும், இலங்கைத் தமிழ் நூல்களையும் இதழ்களையும் சேர்த்துவைக்கும் நூலகம் தளத்திலும் இத்தகைய பக்கங்களே மிகுதி. கண்புரை சிகிச்சைக்குப் பின் அச்சு நூலைத் தொடத் தயங்கும் முதியவருக்கு இந்த வேறுபாடு, வாசிப்பைத் தொடர்வதா விடுவதா என்பதையே தீர்மானிக்கும். 1998 முதல் இயங்கும் மதுரைத் திட்டத்தில் இலக்கியங்கள் தட்டச்சு செய்த வடிவிலேயே கிடைக்கின்றன.

மாணவர்களுக்குத் தமிழ்நாட்டுப் பாடநூல்கள் பிடிஎஃப் வடிவில் இலவசம். நூலில் அச்சிட்ட விரைவுக் குறியீட்டைத் 'தீக்ஷா' செயலியால் படம்பிடித்தால் பாடக் காணொலி திறக்கும். பள்ளிக் கல்வித்துறை 2023இல் வெளியிட்ட 'மணற்கேணி' செயலியும் பாடங்களைக் காணொலிகளாகத் தருகிறது. காணொலியைப் பார்த்தவுடன் மூடிவிட்டு, கண்டதைத் தாளில் எழுதிப் பார்க்கச் சொல்லுங்கள். பார்த்தது வேறு, படித்தது வேறு.

சிறு குழந்தைகளைப் பொறுத்தவரை, 2 வயதுக்குள் திரையே வேண்டாம், 4 வயது வரை நாளுக்கு 1 மணி நேரத்தைத் தாண்ட வேண்டாம் என்பது உலக சுகாதார நிறுவனம் 2019இல் வெளியிட்ட வழிகாட்டுதல். சோறூட்டுவதற்காகத் திரையைக் காட்டுவதும் இக்கணக்கில் சேரும்.

புயலும் இடியும்

இந்திய வானிலைத் துறையின் 'மௌசம்' செயலி மழை முன்னறிவிப்பைத் தருகிறது. 'தாமினி' செயலி, நாம் இருக்குமிடத்தைச் சுற்றி 20, 40 கி.மீ. தொலைவுக்குள் மின்னல் அபாயம் உள்ளதா என்று காட்டும். மரமோ கூரையோ இல்லாத வெட்டவெளியில் நிற்கும் உப்பளத் தொழிலாளிக்கு இதைவிடத் தேவையான செயலி வேறில்லை. வீட்டிலிருப்பவர் பலகைக் கணினியில் பார்த்துக் களத்திலிருப்பவரை அழைத்துச் சொல்லலாம்.

2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிக்கு அருகே கரையைக் கடந்தது. புதுச்சேரியில் 24 மணி நேரத்தில் 48 செ.மீ.க்கும் மேல் மழை பதிவாயிற்று. இத்தகைய நாளில் மின்சாரம் போகும். வைஃபையும் உடன் போகும். சிம் பொருத்த வழியில்லாத கருவி அப்போது வெறும் பலகைதான். விலை சற்றுக் கூடினாலும் கடற்கரையோர மக்கள் சிம் வசதியுள்ளதையே வாங்குவது நல்லது. எச்சரிக்கை வந்தவுடன் மின்னேற்றம் செய்து, திரை வெளிச்சத்தைக் குறைத்துவைக்க வேண்டும்.

சில எச்சரிக்கைகள்

வீட்டில் எல்லோரும் கையாளும் கருவியில் வங்கிச் செயலி வேண்டாம். வாட்ஸ்அப்பில் வரும் 'ஏபிகே' கோப்பைத் திறக்கக் கூடாது. அரசின் பெயரிலும் வங்கியின் பெயரிலும் அத்தகைய போலிகள் வருகின்றன. பணம் போய்விட்டால் தாமதிக்காமல் 1930 என்ற எண்ணை அழைக்க வேண்டும்.

உப்புக்காற்றில் மின்னேற்றத் துளையின் உலோக முனைகள் விரைவில் அரிக்கும். பயன்படுத்தாதபோது உறையிலிட்டு, கடல் பக்கச் சன்னலிலிருந்து தள்ளி வைக்கவும். துளையில் ஈரம் இருந்தால் முழுதும் உலர்ந்த பிறகே மின்னேற்றியைச் செருக வேண்டும். ஈரத்தோடு மின்சாரமும் சேர்ந்தால் அரிப்பு இன்னும் வேகமாக நடக்கும்.