மழைக்குப் பின் மேடை விளக்குகள்

நம் தோட்டங்களில் கோயில் திருவிழாவும் கலைவிழாவும் பெரும்பாலும் திறந்தவெளி மேடையிலேயே நடைபெறுகின்றன. தீபகற்பத்தின் மேற்குக் கரையிலோ ஏப்ரல், மே மாதங்களிலும் அக்டோபர், நவம்பர் மாதங்களிலும் மாலையில் இடிமழை மிகுதி. மழை விட்டதும் விளக்கேற்ற விரைகிறோம். ஆபத்து அங்கேதான் காத்திருக்கிறது.

தூய நீர் மின்சாரத்தை எளிதில் கடத்தாது. தூசியும் உப்பும் கலந்த நீர் கடத்தும். விளக்கினுள்ளும் கம்பி இணைப்புகளிலும் தேங்கிய நீர்வழியே மின்சாரம் இரும்புக் கம்பத்திற்குப் பாயக்கூடும். ஈரத்தரையில் நிற்பவர் அக்கம்பத்தைத் தொட்டால், 230 வோல்ட் மின்சாரம் அவர் உடல்வழியே நிலத்தை அடையும். உயிருக்கே கேடு நேரலாம்.

ஆகவே, முதலில் மின் இணைப்பை முழுவதும் துண்டித்தல் வேண்டும். மின்பெட்டியே நனைந்திருப்பின் எவரும் அதனைத் தொடலாகாது. பின்னர், தகுதிச் சான்றிதழ் பெற்ற மின்பணியாளர் விளக்குகளைத் திறந்து, நீரை வடித்து உலர்த்துவார். விரிசலுற்ற கண்ணாடி, நைந்த ரப்பர் வளையம், பச்சைக் களிம்பேறிய செம்பு முனை ஆகியவற்றை மாற்றுவார். சாய்ந்த கம்பத்தையும் தளர்ந்த திருகுகளையும் சீர்செய்வார். நிலக்கம்பி அறுபடாதிருக்கிறதா என்றும் சோதிப்பார். இறுதியாக மின்சாரத்தைத் திறந்து, மின்கசிவுத் துண்டிப்பானின் சோதனைப் பொத்தானை அழுத்துவார். அது உடனே மின்சாரத்தைத் துண்டித்தால்தான் நமக்குக் காவல் உண்டு. அதன் பின்னரே விளக்குகளை ஒவ்வொன்றாக ஏற்றலாம்.

மாணவர்களே! மழைக்குப் பின் கம்பத்தையோ கம்பியையோ தொடாதீர்கள். தம்பி தங்கையரையும் தொடவிடாதீர்கள். பெற்றோர்களே! நிகழ்ச்சி ஒரு மணி நேரம் தாமதித்தால் இழப்பொன்றுமில்லை. போன உயிரோ மீளாது.