இழந்த உறுப்பின் இயக்கமும் மூளையும்: நினைத்தலும் முயலுதலும்

முன்னுரை

கையையோ காலையோ இழந்தவருள் பெரும்பாலோர், அவ்வுறுப்பு இன்னும் தம் உடலில் இருப்பதாகவே உணர்கின்றனர். அமெரிக்க உள்நாட்டுப் போரில் உறுப்பிழந்த வீரர்களுக்கு மருத்துவம் செய்த சைலஸ் வெயர் மிட்செல், 1871ஆம் ஆண்டில் இதனை ‘மாயவுறுப்பு’ எனப் பொருள்படும் பெயரால் குறித்தார். பலருக்கு அம்மாயவுறுப்பு அசைகிறது. பலருக்குக் கடுமையாக வலிக்கிறது. இல்லாத கையை அசைக்கும்போது மூளையில் நிகழ்வது யாது என்பதையும், வலி மருத்துவத்தோடு அதற்குள்ள தொடர்பையும் இக்கட்டுரை விளக்குகிறது.

மூளைப்புறணியின் உடல் வரைபடம்

உடலுறுப்புகள் ஒவ்வொன்றுக்கும் மூளைப்புறணியில் தனியிடம் உண்டு என்பதை வைல்டர் பென்ஃபீல்டும் எட்வின் போல்ட்ரேயும் 1937இல் விளக்கினர். அங்குக் கைக்குரிய இடத்தை அடுத்து முகத்துக்குரிய இடம் அமைந்துள்ளது. கையின் உணர்வு நரம்புகள் துண்டிக்கப்பட்ட குரங்குகளில், முகத்தைத் தொடும்போது கைக்குரிய இடம் தூண்டப்படுவதை 1991இல் டிம் பான்ஸ் குழுவினர் கண்டனர். மனிதரில் இத்தகைய இடமாற்றம் மிகுந்தவருக்கு மாயவலியும் மிகுதி என 1995இல் ஹெர்டா ஃபிளோர் குழுவினர் அறிவித்தனர். உறுப்பு நீங்கியதும் அதன் இடத்தை அண்டை உறுப்புகள் கைப்பற்றுகின்றன என்னும் கருத்து இவ்வாறு வேரூன்றியது.

நினைத்தலும் முயலுதலும்

இவ்வாய்வுகள் அண்டை உறுப்பைத் தூண்டிப் பார்த்தவை. இல்லாத கையையே இயக்கச் சொன்னபோது வேறொரு காட்சி புலப்பட்டது. கை அசைவதாக மனத்தில் நினைத்தல் வேறு. அதனை அசைக்க முயலுதல் வேறு. கையிழந்தோர் இவ்விரண்டையும் தெளிவாகப் பிரித்தறிகின்றனர் என்பதை 2012இல் எஸ்டெல் ராஃபின் குழுவினர் காட்டினர். முயலும்போது முதன்மை இயக்கப்புறணி செயற்பட்டது. எஞ்சிய கைப்பகுதியின் தசைகளும் சுருங்கின. நினைக்கும்போது சுவர்மடல் முதலிய பகுதிகளே மேலோங்கின.

மாயக்கையை அசைக்கும்போது கைக்குரிய இடம் செயற்படுவதையும், வலி மிகுந்தோரில் அச்செயற்பாடு மிகுந்திருப்பதையும் 2013இல் தமார் மேக்கின் குழுவினர் கண்டறிந்தனர். மூவரைக் கை நீக்கப்படுவதற்கு முன்பும் பின்பும் தொடர்ந்து ஆராய்ந்து 2025இல் வெளியான ஆய்வும், கைக்குரிய வரைபடம் பெரிதும் மாறாதிருந்ததையே காட்டியது.

மருத்துவத் தொடர்பு

சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் பயின்ற வி. எஸ். ராமச்சந்திரன், 1990களில் கண்ணாடி முறையை அறிமுகப்படுத்தினார். உள்ள கையின் பிம்பம் இழந்த கையின் இடத்தில் தோன்ற, நோயாளர் இரு கைகளையும் அசைக்க முயல்வது அம்முறை. காலிழந்தோரிடம் இதனைச் சோதித்த ஆய்வொன்று 2007இல் வெளிவந்தது. நான்கு வாரப் பயிற்சியை முடித்த 18 பேரில், கண்ணாடியைப் பயன்படுத்திய அறுவருக்கும் வலி குறைந்தது. அசைவதாக மனத்தில் நினைத்த அறுவரில் நால்வருக்கு வலி மிகுந்தது. மூடிய கண்ணாடியின் முன் அசைக்க முயன்ற அறுவரில் ஒருவருக்கே குறைந்தது, மூவருக்கு மிகுந்தது. எண்ணிக்கை சிறிதாயினும், நினைத்தல் மட்டுமோ முயலுதல் மட்டுமோ போதாது. முயற்சியோடு காட்சியும் இணைய வேண்டும் என்பதை இது உணர்த்துகிறது.

முடிவுரை

உறுப்பு நீங்கினும் அதனை இயக்கும் மூளைப்பகுதி செயலிழப்பதில்லை. ஆயினும், அதன் செயற்பாடு நோயாளருக்கு இடப்படும் கட்டளையைப் பொறுத்தது. ‘அசைவதாக நினையுங்கள்’ என்பதும் ‘அசைக்க முயலுங்கள்’ என்பதும் மூளைக்கு ஒன்றல்ல. எனவே, தமிழில் இத்துறை குறித்து எழுதுவோர் இரண்டையும் ‘கற்பனை இயக்கம்’ என்னும் ஒரே சொல்லில் அடக்காமல், ‘இயக்கக் கற்பனை’, ‘இயக்க முயற்சி’ எனப் பிரித்து வழங்குதல் வேண்டும். ஆய்வு முடிவுகளைச் சரியாக ஒப்பிடவும், பயிற்சி முறைகளைப் பிழையின்றி விளக்கவும் அது துணைபுரியும்.