அவளும் தாய்தான்

மகப்பேறு என்றதும் நம் கண்முன் நிற்பவை தொட்டிலும் தாலாட்டும்தான். தொட்டில் வெறுமையாகிப் போன தாயைப் பற்றி நாம் பேசுவதில்லை; பேச நேர்ந்தாலும் தவறாகவே பேசுகிறோம். நானும் அப்படிப் பேசியவன்தான். எட்டாம் மாதத்தில் குழந்தையை இழந்து வீடு திரும்பிய என் அக்காவிடம், "கவலைப்படாதே அக்கா, அடுத்த வருஷமே இன்னொன்று பிறக்கும்" என்றேன். அவள் பதில் பேசாமல் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

பிரசவ வார்டில் நெடுங்காலம் செவிலியராக இருந்த எங்கள் அத்தை என்னைத் தனியே அழைத்தார். "அப்பனைப் பறிகொடுத்தவனிடம் போய், இன்னொருத்தர் கிடைப்பார் என்று சொல்வாயாடா? பிறக்கப் போவது வேறு பிள்ளை, போனது இந்தப் பிள்ளை" என்றார். அன்று அவர் விளக்கியவற்றையும், பின்னர் நான் படித்தறிந்தவற்றையும் இங்கே தருகிறேன்.

பிரசவ வலியின்போது செவிலியர் இரண்டு உயிர்களைக் காவல் காக்கிறார். கருப்பை வாய் 5 செ.மீ. விரிந்ததும் வலி தீவிரக் கட்டத்தை அடைகிறது என்பது உலக சுகாதார நிறுவனம் 2020-இல் வெளியிட்ட வழிகாட்டியின் கணக்கு. அதன்பின் அரைமணிக்கு ஒருமுறையேனும் குழந்தையின் இதயத் துடிப்பைக் கேட்கவேண்டும். அது நிமிடத்திற்கு 110 முதல் 160 வரை இருப்பது இயல்பு.

கருவிலேயே குழந்தை இறந்துவிட்டால் என்ன ஆகிறது? பெரும்பாலும் தாய் வலியெடுத்தே பெற்றாக வேண்டும். கேட்பதற்கு ஒரு துடிப்புத்தான் குறைகிறது. வலி குறைவதில்லை, ஆபத்தும் குறைவதில்லை. நாடி, இரத்த அழுத்தம், காய்ச்சல், உதிரப்போக்கு ஆகிய அனைத்தையும் முன்போலவே கவனிக்க வேண்டும். உதிரப்பெருக்கைத் தடுக்கும் ஆக்சிடோசின் ஊசி இவளுக்கும் வேண்டும். தாயின் இரத்தம் ஆர்.எச். நெகடிவ் வகையானால், அடுத்த கர்ப்பத்தைக் காக்க 72 மணி நேரத்திற்குள் 'ஆன்டி-டி' ஊசி போடுவது வழக்கம்.

இதைவிடக் கொடியது ஒன்றுண்டு. குழந்தை இறந்த செய்தி உடலுக்குத் தெரியாது! நஞ்சுக்கொடி வெளியேறியதும் புரொஜெஸ்டிரோன் என்னும் சுரப்பு குறைகிறது. புரொலாக்டின் தன் வேலையைத் தொடங்குகிறது. இரண்டு முதல் நான்கு நாட்களில் பால் கட்டிக்கொள்கிறது. மூன்றாம் நாள் நனைந்த ரவிக்கையைப் பார்த்துத்தான் என் அக்கா வாய்விட்டு அழுதாள். இப்படி நேரும் என்று அவளிடம் யாரும் முன்கூட்டிச் சொல்லவில்லை. சொல்லியிருக்க வேண்டும் என்றார் அத்தை. மார்பைத் தாங்கும் உள்ளாடை அணியலாம். குளிர்ந்த ஒத்தடம் கொடுக்கலாம். இறுகக் கட்டக் கூடாது. பால் வற்ற மருந்தும் உண்டு. அதை மருத்துவர்தாம் தரவேண்டும். மார்பு சிவந்து காய்ச்சல் கண்டால் உடனே மருத்துவரிடம் செல்லவேண்டும்.

மனத்திற்கும் பணிவிடை உண்டு. பச்சிளங் குழந்தைகள் அழும் வார்டில் இவளைப் படுக்க வைக்காதிருத்தல், உண்மையை மறைக்காமல் மெல்லச் சொல்லுதல், விரும்பினால் குழந்தையைத் துடைத்துத் துணியில் சுற்றிக் கையில் தருதல், விரும்பாவிட்டால் வற்புறுத்தாதிருத்தல். 'நீ பாரம் தூக்கினாய், அதனால்தான்' என்று பழி சுமத்துவதோ பெரும் பாவம்.

சட்டம்கூட இவளை மறக்கவில்லை. 1961-ஆம் ஆண்டின் மகப்பேறு நலச் சட்டம், 'குழந்தை' என்னும் சொல்லுக்குள் இறந்து பிறந்த குழந்தையையும் அடக்கிற்று. கருச்சிதைவுற்ற பெண்ணுக்கு ஆறு வாரம் ஊதியத்துடன் விடுப்பு அளித்தது. 2020-இல் இயற்றப்பட்ட சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பும் அந்த ஆறு வாரத்தை ஏற்றுக்கொண்டது. சட்டம் தாயென்று ஏற்றவளை நாம் ஏற்க வேண்டாமா?

மறுநாள் அக்காவின் அருகில் அமர்ந்து, "நான் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது அக்கா. பிள்ளை யார் சாயல்?" என்று கேட்டேன். ஆஸ்பத்திரியில் ஒரு செவிலியர் அவளிடம் குழந்தையைக் காட்டியிருந்தாராம். "அப்பா சாயல்டா" என்று தொடங்கியவள் நெடுநேரம் பேசினாள். இடையிடையே அழுதாள்.

நண்பர்களே! நம் வீட்டிலோ அடுத்த வீட்டிலோ இத்தகைய தாய் ஒருத்தி இருக்கக்கூடும். அவளுக்கு ஆறுதல் சொல்ல வார்த்தை தேடி அலைய வேண்டாம். அவள் பேசும்போது எழுந்து போகாமல் இருந்தாலே போதும்.