தண்ணீர் எங்கே பிடித்தீர்கள்?



உங்கள் ஜெபத்தினாலும் காணிக்கையினாலும் நடைபெறும் மருத்துவப் பணியைப் பற்றி வழக்கமாக இந்த மடலில் எழுதுகிறோம். இம்முறை மருந்தைப் பற்றி அல்ல, தண்ணீரைப் பற்றி எழுத விரும்புகிறோம். அதற்குக் காரணம் உண்டு.

கோடைக்காலத்தில், பழனி மலையடிவாரக் கிராமம் ஒன்றிலிருந்து ஒரு தாய் வயிற்றுப்போக்கினால் துவண்டுபோன குழந்தையைத் தூக்கிக்கொண்டு வருகிறாள். உப்பு சர்க்கரைக் கரைசலும் ஜிங்க் மருந்தும் கொடுக்கிறோம். இரண்டு நாட்களில் குழந்தை கண் திறந்து சிரிக்கிறது. நாமும் ஆண்டவருக்கு நன்றி சொல்லி அனுப்புகிறோம். சில வாரங்களில் அதே குழந்தை, அதே நோயுடன், அதே தாயின் இடுப்பில் திரும்பி வருகிறது. மருந்து தன் வேலையைச் சரியாகத்தான் செய்தது. ஆனால் வீட்டிலுள்ள குடம் மாறவில்லை.

"எத்தனை தடவை போயிற்று?" என்று கேட்பதோடு மருத்துவரின் கேள்வி முடிந்துவிடக் கூடாது. "தண்ணீர் எங்கே பிடித்தீர்கள்?" என்றும் கேட்க வேண்டும். வானிலை மாறி நீர் குறையும்போது மனித உடலுக்கு என்ன நேரிடுகிறது என்று ஆராய்கிறவர்கள் இன்று உலகின் பல பகுதிகளில் இந்தக் கேள்வியைத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். அவர்கள் கண்டறிந்தவற்றில் நம் மலைக்கும் நம் மக்களுக்கும் பொருந்துபவற்றை இங்கே விளக்குகிறோம்.

நோய்க்குப் பயந்து மலையேறியவர்கள்

சீதோஷ்ணத்துக்கும் சுகத்துக்கும் தொடர்பு உண்டு என்பது நம் மிஷன் சரித்திரத்துக்குப் புதிதல்ல. 1834இல் யாழ்ப்பாணத்திலிருந்து மதுரைக்கு வந்து ஊழியத்தைத் தொடங்கிய அமெரிக்கன் மதுரை மிஷனைச் சேர்ந்தவர்கள், காய்ச்சலுக்கும் காலராவுக்கும் தங்கள் குடும்பத்தாரைப் பறிகொடுத்தார்கள். முதலில் சிறுமலையில் தங்கிப் பார்த்தார்கள். அங்கும் காய்ச்சல் விடவில்லை. பின்பு பழனி மலையில் இன்னும் உயரமாக ஏறி, 1845இல் கொடைக்கானலில் வீடு கட்டினார்கள். கொடைக்கானல் என்ற ஊர் உருவானதே இப்படித்தான். மதுரையில் மருத்துவப் பணி செய்த டாக்டர் வான் ஆலனின் பெயரால் 1915இல் அங்கே மருத்துவமனையும் எழும்பிற்று.

கெட்ட காற்றுதான் காய்ச்சலைத் தருகிறது என்று அக்காலத்தில் நம்பினார்கள். கொசுவின் மூலம் மலேரியா பரவுவதற்கான சான்றை 1897இல் செகந்திராபாத்தில் ரொனால்டு ராஸ் கண்டார். ஏறத்தாழ 2,100 மீட்டர் உயரத்தின் குளிரில் மலேரியாக் கிருமி கொசுவுக்குள் வளர்வது கடினம். காரணம் தெரியாமலே அவர்கள் எடுத்த முடிவு சரியாக இருந்தது. ஆனால் மலையேற வசதியில்லாத சமவெளி ஏழைகள் கீழேயே இருந்தார்கள். இன்றும் அங்கேதான் இருக்கிறார்கள்.

மேலே பெய்வதே கீழே குடிநீர்

பழனி, ஒட்டன்சத்திரம் பகுதி மழை குறைந்த பகுதி. மலையில் பெய்யும் மழையே கீழே பாலாறு–பொருந்தலாறு, வரதமாநதி, குதிரையாறு, பரப்பலாறு அணைகளுக்கு வந்து சேருகிறது. மலையின் தென்புறத்து ஓடைகள் வைகைக்குப் போகின்றன. மலைமேல் இருந்த சோலைக்காடும் புல்வெளியும் மழைநீரைப் பஞ்சுபோல் உறிஞ்சி வைத்துக்கொண்டு, மழையில்லாத மாதங்களிலும் சிறிது சிறிதாக ஓடைகளுக்கு விட்டுவந்தன.

செயற்கைக்கோள் படங்களைக் கொண்டு செய்து 2018இல் வெளியிட்ட ஓர் ஆய்வின்படி, 1973க்கும் 2014க்கும் இடையே பழனி மலையின் புல்வெளியில் மூன்றில் இரண்டு பங்கு மறைந்துவிட்டது. அந்த இடங்களில் சீகை, தைல மரத் தோட்டங்களும் விவசாயமும் பரவின. இதனால் நீர் குறையுமா என்று கேட்கலாம். நீலகிரியில் கிளென்மார்கன் என்ற இடத்தில், புல்வெளியாகவே விடப்பட்ட ஒரு சரிவையும் தைல மரம் நட்ட ஒரு சரிவையும் 1972 முதல் பத்து ஆண்டுகள் ஒப்பிட்டு அளந்தார்கள். மரம் நட்ட சரிவிலிருந்து வந்த நீர் 16 சதவீதம் குறைந்தது. மரம் நடுவது எப்போதும் நல்லது என்று நினைத்திருந்த நமக்கு இது ஒரு பாடம். எந்த மரத்தை எந்த இடத்தில் நடுகிறோம் என்பதையும் பார்க்க வேண்டும்.

இதனோடு மழையும் பொய்த்தால் என்ன ஆகும் என்பதை 2016இல் கண்டோம். அவ்வாண்டு தமிழ்நாட்டில் வடகிழக்குப் பருவமழை வழக்கத்தைவிட 62 சதவீதம் குறைந்தது. 2017 ஜனவரியில் எல்லா மாவட்டங்களும் வறட்சி பாதித்தவையாக அறிவிக்கப்பட்டன.

பன்னிரண்டு கேள்விகள்

ஒரு வீட்டில் தண்ணீர்க் கஷ்டம் இருக்கிறதா என்பதை எப்படி அளப்பது? தெருவில் குழாய் இருக்கிறதா என்று மட்டும் எண்ணினால் போதாது. குழாய் இருக்கும், நீர் வராது. இதை உணர்ந்த ஆராய்ச்சியாளர்கள், அமெரிக்காவின் நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த செரா யங் என்பவரின் தலைமையில், பல நாடுகளின் வீடுகளில் விசாரித்து, 2019இல் பன்னிரண்டு கேள்விகள் கொண்ட ஓர் அளவுகோலை வெளியிட்டார்கள்.

கேள்விகள் மிக எளியவை. கடந்த நான்கு வாரங்களில் தண்ணீரைக் குறித்துக் கவலைப்பட்டீர்களா? துணி துவைக்க, குளிக்க, கை கழுவ முடியாமல் போயிற்றா? தண்ணீர் போதாமல் சமையலை மாற்றினீர்களா? தாகத்தோடு படுத்தீர்களா? கோபம் வந்ததா? வெட்கப்பட்டீர்களா? ஒவ்வொரு பதிலுக்கும் 0 முதல் 3 வரை மதிப்பெண். மொத்தம் 36இல் 12 அல்லது அதற்கு மேல் வந்தால் அந்த வீடு தண்ணீர்ப் பாதுகாப்பு இல்லாத வீடு.

இந்தக் கேள்விகளில் லிட்டர் கணக்கு இல்லை என்பதைக் கவனியுங்கள். கவலையும் வெட்கமும் இருக்கின்றன. குடத்தோடு வரிசையில் நின்ற எந்தத் தாயும் இதைப் புரிந்துகொள்வாள். சமாரியாவின் கிணற்றண்டையில் உச்சிவேளையில் தனியாக வந்த ஸ்திரீயும் புரிந்துகொள்வாள்.

நோய் வரும் வழிகள்

நீர் குறையும்போது நோய் பல வழிகளில் வருகிறது.

முதலாவது, சேமித்த நீர். வேலூர் நகரில் செய்து 2004இல் வெளியிட்ட ஆய்வில், குழாயில் வந்த நீரைவிட வீட்டில் பிடித்து வைத்த நீரில் பல வீடுகளில் கிருமி கூடியிருந்தது. எத்தனை நாளுக்கு ஒருமுறை நீர் வருகிறதோ அத்தனை நாள் அதைக் குடத்தில் வைக்க வேண்டும். அத்தனை தடவை கை அதில் படுகிறது. பித்தளைப் பாத்திரங்களில் வைத்த நீரில் மட்டும் கிருமி குறைவாக இருந்தது. பித்தளையிலுள்ள செம்பு கிருமியைக் கொல்லும் தன்மையுடையது. நம் பாட்டிமார் கையில் இருந்த பித்தளைக் குடத்தைப் பிளாஸ்டிக் குடத்துக்கு மாற்றியபோது இதை நாம் அறியவில்லை.

இரண்டாவது, கொசு. டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு சாக்கடையில் அல்ல, நாம் பத்திரமாகப் பிடித்து வைத்த நல்ல நீரில் முட்டையிடுகிறது. அந்த முட்டை காய்ந்த தொட்டியின் சுவரில் மாதக்கணக்கில் உயிரோடு ஒட்டியிருக்கும். வறட்சியைத் தொடர்ந்த 2017ஆம் ஆண்டில் தமிழ்நாட்டில் 23,000க்கும் மேற்பட்டவர்களுக்கு டெங்கு கண்டது. வறட்சி மட்டுமே காரணம் என்று சொல்ல முடியாது. ஆனால் நீர் அரிதாகும்போது அண்டாவும் டிரம்மும் பெருகுகின்றன, அவற்றோடு கொசுவும் பெருகுகிறது.

மூன்றாவது, குடிக்காத நீர். சென்னை ஸ்ரீராமச்சந்திரா நிறுவனத்தில் வெப்பமும் உழைப்பும் உடலை எப்படிப் பாதிக்கின்றன என்று பேராசிரியை வித்யா வேணுகோபால் பல ஆண்டுகளாக ஆராய்ந்து வருகிறார். அவரும் உடன் ஆராய்ந்தவர்களும் தமிழ்நாட்டு உப்பளங்களில் 352 தொழிலாளர்களைப் பரிசோதித்து 2023இல் முடிவுகளை வெளியிட்டார்கள். பத்தில் ஒன்பது பேர் பாதுகாப்பு வரம்பை மீறிய வெப்பத்தில் வேலை செய்தார்கள். ஏறத்தாழ 7 சதவீதத்தினருக்குச் சிறுநீரகத்தின் வேலை குறைந்திருந்தது.

உப்பளம் கடற்கரையில்தானே இருக்கிறது என்று நினைக்க வேண்டாம். நம் பக்கத்தில் வெங்காயமும் தக்காளியும் பறிக்கும் பெண்களின் நிலையும் இதற்கு வெகு தூரமில்லை. வேலை செய்யும் இடத்தில் ஒதுங்க மறைவு கிடையாது. ஆகவே காலையிலிருந்தே தண்ணீர் குடிப்பதைக் குறைத்துக்கொள்கிறார்கள். மாலையில் நீர்க்கடுப்பு என்று வருகிறார்கள். மாத்திரை கொடுத்து "நிறையத் தண்ணீர் குடியுங்கள்" என்று நாம் சொல்லும்போது, எங்கே போய் ஒதுங்குவது என்ற அவர்களுடைய கேள்விக்கு நாம் பதில் சொல்வதில்லை.

நான்காவது, பிறவாத குழந்தை. அதே குழுவினர் தமிழ்நாட்டில் 800 கர்ப்பிணிப் பெண்களைக் கவனித்து வந்தார்கள். வெப்பத்தில் வேலை செய்தவர்களில் 5 சதவீதத்தினருக்குக் கருச்சிதைவு ஏற்பட்டது. நிழலில் வேலை செய்தவர்களில் அது 2 சதவீதம். 2024இல் வெளியான இந்த முடிவு நம் பிரசவ வார்டுக்கு ஒரு எச்சரிக்கை. கர்ப்பிணித் தாயிடம் இரத்த அளவோடு வேலை நேரத்தையும் கேட்க வேண்டியிருக்கிறது.

வீட்டில் செய்யக்கூடியவை

இவற்றுக்கெல்லாம் பெரிய திட்டங்கள் வேண்டும் என்பது உண்மை. ஆயினும் இன்றே செய்யக்கூடியவையும் உண்டு. குடிநீர்க் குடத்தை மூடி, நீண்ட கைப்பிடியுள்ள கரண்டியால் மொள்ள வேண்டும். தொட்டியையும் டிரம்மையும் வாரம் ஒருமுறை காலி செய்து, உட்சுவரைத் தேய்த்துக் கழுவ வேண்டும். கொசு முட்டையிலிருந்து வெளிவந்து பறக்க ஏறத்தாழ ஒரு வாரமோ பத்து நாளோ ஆகும் என்பதே காரணம். கிணற்று நீரிலும் தொட்டி நீரிலும் 1,000 லிட்டருக்கு 2.5 கிராம் வீதம் நல்ல பிளீச்சிங் பவுடர் கலந்து, ஒரு மணி நேரம் கழித்துப் பயன்படுத்த வேண்டும்.

விறகுக்கும் கேஸுக்கும் வழியில்லாத வீட்டுக்குச் சூரியன் உண்டு. தெளிந்த நீரை நிறமற்ற பிளாஸ்டிக் பாட்டிலில் நிரப்பி, நல்ல வெயிலில் ஆறு மணி நேரம் படுக்க வைத்தால் கிருமிகள் சாகின்றன. வேலூரில் 100 குழந்தைகளுக்கு ஆறு மாதம் இப்படிப்பட்ட நீரைக் கொடுத்து, கொடுக்கப்படாத 100 குழந்தைகளோடு ஒப்பிட்டார்கள். 2006இல் வெளியான அந்த ஆய்வில், ஆண்டுக்கு ஒரு குழந்தைக்கு 2.7 தடவை என்றிருந்த வயிற்றுப்போக்கு 1.7 தடவையாகக் குறைந்தது. வயிற்றுப்போக்கு வந்துவிட்டாலோ, ஒரு லிட்டர் சுத்தமான நீரில் ஆறு தேக்கரண்டி சர்க்கரையும் அரைத் தேக்கரண்டி உப்பும், தலை தட்டி அளந்து கலந்து, உடனே கொடுக்கத் தொடங்க வேண்டும்.

ஊற்றுக்குப் போவோம்

இராஜாக்களின் இரண்டாம் புத்தகம் இரண்டாம் அதிகாரத்தில் எரிகோ பட்டணத்தார் எலிசாவிடம் வருகிறார்கள். ஊர் நல்ல ஊர்தான், தண்ணீர் கெட்டது, நிலம் பலன் தரவில்லை என்று முறையிடுகிறார்கள். எலிசா அவர்களுடைய வீடுகளுக்குப் போய் ஒவ்வொரு குடத்திலும் உப்புப் போடவில்லை. நீர் புறப்படும் ஊற்றுக்கே நடந்துபோனார்.

நண்பர்களே, மருத்துவமனையில் ஒரு கட்டிலுக்குக் கொடுப்பது மனதுக்கு நிறைவானது. அதில் படுத்திருக்கும் நோயாளியை நாம் பார்க்க முடிகிறது. கிணற்றுக்கு மூடி, தோட்டத்தில் ஒரு கழிவறைக் கதவு, பிளீச்சிங் பவுடர், கிராமத்துக்குப் போகும் சுகாதார ஊழியரின் பஸ் கட்டணம் ஆகியவற்றுக்குக் கொடுக்க மனம் எளிதில் வருவதில்லை. அவற்றால் நோய் வராமல் போன குழந்தையின் புகைப்படத்தை உங்களுக்கு அனுப்ப எங்களால் முடியாது. அந்தக் குழந்தை எங்களிடம் வரவே வராது.

கட்டிலும் வேண்டும், கிணறும் வேண்டும். இரண்டுக்காகவும் ஜெபியுங்கள், இரண்டையும் தாங்குங்கள். அடுத்த கோடையில் அந்தத் தாய் தன் குழந்தையை இடுப்பில் சுமந்து இங்கே வராமல், அதைப் பள்ளிக்கு அனுப்பிக்கொண்டிருக்க ஆண்டவர் கிருபை செய்வாராக.

கிறிஸ்துவின் ஊழியத்தில்,
சமுதாய நலப் பிரிவு ஊழியர்கள்